ஏழாயிரம் ஏக்கரும் ஏழு பேர்ச்சும்: திம்புள்ளையில் தொடங்கி வன்னி வரை நீண்ட காணிக் கதை

1977ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி, தலவாக்கலைக்கு அருகே திம்புள்ளைப் பகுதியில் உள்ள டெவன் தோட்டத்தில் பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். சிவனு லெட்சுமணன் என்ற தோட்டத் தொழிலாளி கொல்லப்பட்டார். அன்று அங்கே திரண்டிருந்தவர்கள் சம்பள உயர்வு கேட்டு வந்தவர்கள் அல்லர். நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைத் துண்டு துண்டாக்கி வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் அரசாங்கத் திட்டத்தை எதிர்த்தே அவர்கள் நின்றார்கள்.

மலையகத்தின் தியாகிகள் பட்டியலில் லெட்சுமணனின் பெயர் நிலைத்துவிட்டது. மே மாதம் வந்தால் தொழிற்சங்கங்களும் இளைஞர் அமைப்புகளும் அவரை நினைவுகூர்கின்றன. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் இந்தச் சம்பவத்தை அறிந்தவர்கள் குறைவு. காணி பறிபோவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயர் பாதுகாப்பு வலயம், எல்லைக் கிராமக் குடியேற்றம், திணைக்களங்களின் வர்த்தமானி என்று எத்தனையோ பெயர்களில் அது நம்மிடம் வந்திருக்கிறது. அப்படியிருந்தும் டெவனில் நடந்ததை வேறு யாருடையதோ கதையாக நாம் விலக்கி வைத்திருக்கிறோம். உண்மையில் அந்தக் கதையின் அடுத்த அத்தியாயங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும்தான் எழுதப்பட்டன.

டெவனில் நின்ற தொழிலாளர்கள் காப்பாற்றியது தங்களுக்குச் சொந்தமில்லாத காணியை. ஏன் அதற்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தார்கள்? காப்பாற்றிய பிறகும் அது ஏன் அவர்களுடையதாகவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காடு யாருடையது?

மலையகக் காணிப் பிரச்சினையின் வேர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடப்படாத நிலம் எல்லாம், வேறு உரிமை நிரூபிக்கப்படும்வரை, பிரித்தானிய முடிக்குச் சொந்தமானது என்று அந்தச் சட்டம் அனுமானித்தது. கண்டிய கிராமத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த மேட்டுநிலத்துக்கும் மாடு மேய்த்த புல்வெளிக்கும் விறகு வெட்டிய காட்டுக்கும் எழுத்தில் உறுதி இருக்கவில்லை. முடி எடுத்துக்கொண்ட நிலம் மலிவான விலைக்குக் கோப்பித் துரைமாரின் கைக்குப் போனது. வாங்கியவர்களில் காலனித்துவ அதிகாரிகளும் இருந்தார்கள்.

அந்தக் காட்டை வெட்டித் திருத்தியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் மூலம் கொண்டுவரப்பட்ட தமிழர்கள். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் உழைப்பு அவர்களுடையதுதான். திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா மலைகளெல்லாம் இப்படித்தான் பச்சையாயின.

ஆக, ஒரே நிலத்தில் இரண்டு ஏழைகளின் கதை இருக்கிறது. பள்ளத்தாக்கில் வயலோடு சுருங்கிப்போன சிங்கள விவசாயி ஒருவர். மேலே மலையில் லயத்தில் அடைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளி இன்னொருவர். தோட்டத்தில் சிங்களக் கிராமத்தவர்களை 'நாட்டாட்கள்' என்றும் அவர்களது கிராமத்தை 'நாடு' என்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சிலேயே நிலைமை தெரிகிறது: கீழே இருப்பது நாடு, மேலே இருப்பது தோட்டம். நிலத்தை எடுத்தது பிரித்தானிய முடி. லாபத்தை எடுத்தது இலண்டனிலும் கொழும்பிலும் இருந்த கம்பனிகள். ஆனால் நாட்டாட்களின் கண்ணுக்கு நாள்தோறும் தெரிந்த முகம் தமிழ்த் தொழிலாளியுடையது.

கண்டிய விவசாயிகளின் குறை கற்பனை அல்ல. அவர்களது நிலமின்மையை ஆராயவே 1949இல் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அந்த நியாயமான குறையைத் தீர்க்க வந்த அரசியல், நிலத்தை எடுத்தவர்களிடம் போகாமல், அந்த நிலத்தில் வேலை செய்தவர்களின் லயத்துக்குப் போனதுதான் விபரீதம்.

நேவ்ஸ்மயர்: ஒரு முன்னோட்டம்

1977க்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் ஒத்திகை நடந்துவிட்டது. கேகாலை மாவட்டத்தில் புளத்கொஹுப்பிட்டிய பக்கம் உள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் சுவீகரித்தது. அப்போது விவசாய, காணி அமைச்சர் டி.எஸ். சேனநாயக்க. கிராமத்தவர்களுக்குக் காணி கொடுக்கப்படவிருந்தது. தோட்டத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கோ லயங்களைவிட்டு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது.

அவர்கள் போக மறுத்தார்கள். அத்துமீறிக் குடியிருந்த குற்றத்துக்காக வழக்குப் போடப்பட்டது. 1946இல் இதை எதிர்த்துத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. தொழிலாளியின் பிரதான நோக்கம் தன் வீடாகக் கருதிய இடத்தில் தொடர்ந்து இருப்பதுதான், யாரையும் தொந்தரவு செய்வதல்ல, எனவே அது குற்றவியல் அத்துமீறல் ஆகாது என்ற நிலைப்பாட்டை அந்த மன்றம் எடுத்தது.

வழக்கில் வென்ற அந்த வாதம் அரசியலில் முறியடிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இலட்சக்கணக்கானோர் வாக்குரிமையும் இழந்தார்கள். அதற்கு முன்னரே, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அரச காணிப் பங்கீட்டில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. பிரஜையல்லாதவருக்கு அரச காணி இல்லை. வாக்கில்லாதவருக்காகப் பாராளுமன்றத்தில் பேசவும் ஆளில்லை. இரண்டு கதவுகளும் ஒரேயடியாகச் சாத்தப்பட்டன.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைத் தலைக்கணக்காகப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிகுதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

சீர்திருத்தம் வந்த விதம்

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்தது. கிராமப்புறச் சிங்கள இளைஞர்களின் வேலையின்மையும் காணியின்மையும் அதன் பின்னணியில் இருந்தன. அந்த இயக்கத்தின் புகழ்பெற்ற ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தமிழர்கள் அதன் கருவியாகச் சித்திரிக்கப்பட்டார்கள். கிளர்ச்சியை நசுக்கிய சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம், காணிச் சீர்திருத்தத்தைக் கையில் எடுத்தது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கரும், வயலுக்கு 25 ஏக்கரும் உச்சவரம்பாக விதித்தது. அதன்கீழ் சுமார் 5 இலட்சத்து 63 ஆயிரம் ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. 1975இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் ஸ்டேர்லிங் கம்பனிகளினதும் ரூபாய்க் கம்பனிகளினதும் தோட்டங்களைத் தேசியமயமாக்கியது. அதில் சுமார் 4 இலட்சத்து 18 ஆயிரம் ஏக்கர். அமைச்சராக இருந்தவர் ஹெக்டர் கொப்பேகடுவ.

வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து நிலத்தை மீட்பது இடதுசாரிகள் நெடுங்காலம் கேட்டுவந்த விடயம். அதில் தவறில்லை. சீர்திருத்தம் யாரை உழுபவராகக் கணக்கெடுத்தது என்பதுதான் பிரச்சினை. உலகின் பல நாடுகளில் 'உழுபவனுக்கே நிலம்' என்று சீர்திருத்தம் செய்தபோது, அந்த நிலத்தில் பாடுபட்டவரே முதலில் கணக்கில் வந்தார். மலையகத்தில் தேயிலையைப் பராமரித்தவர் பிரஜையல்லர் என்பதால் பயனாளிப் பட்டியலிலேயே இல்லை. அயற்கிராமங்களைச் சேர்ந்தவர்களும் ஆளும் கட்சி அமைப்பாளர்களின் ஆட்களும் பட்டியலில் ஏறினார்கள்.

முதல் கட்டத்தில் எடுக்கப்பட்ட தோட்டங்கள், குறிப்பாகக் கண்டி, கம்பளை, கேகாலைப் பக்கத்தில், கூட்டுறவு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 'உசவசம', 'ஜனவசம' என்ற பெயர்களை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. சில இடங்களில் தேயிலை பிடுங்கப்பட்டு நிலம் துண்டாடப்பட்டது. வேலை நிறுத்தப்பட்டது. வேலை போனால் லயக் காம்பிராவும் போகும், ஏனென்றால் காம்பிரா வேலையோடு ஒட்டியது. போக மறுத்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், தாக்கப்பட்டார்கள்.

அதே நேரத்தில் பஞ்சமும் வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் தட்டுப்பாடாயின. கிராமத்தில் ஒரு மரவள்ளி நடவாவது மண் இருந்தது. தோட்டத்தில் லயத்தைச் சுற்றிய அடி நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கம்பளையிலும் கண்டியிலும் ஹட்டனிலும் தெருவில் கையேந்திய குடும்பங்களைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

டெவன், மே 1977

ஏழாயிரம் ஏக்கரைப் பிரிக்கும் திட்டம் நுவரெலியா மாவட்டத்துக்கு வந்தபோது, திம்புள்ளைத் தொழிலாளர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் நடந்தது உறவினர்கள் மூலம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. காணி பிரிந்தால் மலை போகும். மலை போனால் பிரட்டில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் காம்பிரா இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பாதைதான்: மன்னார் வழியாக இராமேஸ்வரம், அல்லது தெரு.

தோட்டம் அவர்களுக்குச் சொந்தமில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தோட்டம் முழுதாக இருந்தால் மட்டுமே தாங்கள் அங்கே இருக்க முடியும் என்பதும் தெரியும். தேயிலை மலையைப் பாதுகாப்பது இருப்பிடத்தைப் பாதுகாப்பதன் ஒரே வழியாக இருந்தது. நேவ்ஸ்மயர் தொழிலாளியின் நோக்கமாகப் பிரிவி கவுன்சில் கண்டதும் இதையேதான்: வீட்டில் தொடர்ந்து இருப்பது.

மே 11ஆம் திகதி டெவனில் திரண்ட தொழிலாளர்கள் மீது சூடு நடந்தது. லெட்சுமணனின் மரணத்தைத் தொடர்ந்து மலையகமெங்கும் எதிர்ப்பும் வேலைநிறுத்தமும் பரவின. காணி பிரிக்கும் திட்டம் நின்றது. இரண்டு மாதங்களில், ஜூலை 21ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் அரசாங்கமே வீழ்ந்தது. நுவரெலியா-மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருக்கு அடுத்ததாக மூன்றாவது உறுப்பினராக சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். 1947க்குப் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்றது அப்போதுதான்.

மலையகத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியானவர்களில் லெட்சுமணன் முதல்வர் அல்லர். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1956இல் டயகம தோட்டத்தில் தொழிற்சங்க உரிமைப் போராட்டத்தில் ஏப்ரஹாம் சிங்கோ பலியானார். அவர் சிங்களத் தொழிலாளி. மலையகத் தியாகிகளின் பட்டியலில் அவர் பெயரும் மற்றவர்களுடன் சேர்ந்தே சொல்லப்படுகிறது. தோட்டத்தில் நடந்த போராட்டம் இயல்பிலேயே இனச் சண்டையல்ல என்பதற்கு அந்தப் பெயர் போதும். காணியைப் பங்கிட்ட முறைதான் அதை இனச் சண்டையாக்கியது.

மலையிலிருந்து வன்னிக்கு

டெவன் காப்பாற்றப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே காணி இழந்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? இங்கேதான் கதை வன்னிக்குள் நுழைகிறது.

பஞ்சக் காலத்திலிருந்தே மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி பக்கம் வரத் தொடங்கிவிட்டன. 1977 ஓகஸ்ட் வன்செயல் அந்த வரவைப் பெருக்கியது. 1981இலும் 1983இலும் மேலும் பலர் வந்தார்கள். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைப் பண்ணைகளில் குடியமர்த்தியது. வீடு, கிணறு, பாலர் பாடசாலை, கொஞ்சம் காணி. அந்தப் பணியே குற்றமாகப் பார்க்கப்பட்டது. 1983இல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களில் இராஜசுந்தரமும் ஒருவர்.

முல்லைத்தீவு எல்லையில் இருந்த டொலர் பண்ணை, கென்ற் பண்ணை ஆகியவற்றிலும் மலையக அகதிகள் இருந்தார்கள். 1984இல் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். காணி திறந்தவெளிச் சிறைச்சாலையாக மாற்றப்பட்டு, சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் அங்கே இருந்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர். அங்கே குடியமர்த்தப்பட்ட ஏழைகளும் அந்த இடத்தைத் தாமாகத் தெரிவு செய்து வந்தவர்கள் அல்லர். மலைநாட்டில் நாட்டாட்களையும் தொழிலாளரையும் எதிரெதிரே நிறுத்திய அதே காணிக் கொள்கை, மணலாற்றில் ஆயுதங்களின் நடுவே அவர்களைக் கொண்டுவந்து விட்டது.

வன்னியில் குடியேறிய மலையகத் தமிழர்கள் பின்னர் போரின் எல்லா இடப்பெயர்வுகளையும் சந்தித்தார்கள். முள்ளிவாய்க்கால்வரை போனவர்களில் கணிசமானோர் அவர்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலிலும், மீள்குடியேற்றப் பட்டியலிலும் அவர்கள் இருக்கிறார்கள். பிறந்த இடத்தில் ஒரு தடவை, வந்த இடத்தில் பல தடவை என்று இடம்பெயர்ந்தவர்கள்.

இந்த இடத்தில் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான் நகர் போன்ற இடங்களில் வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் மேட்டுக்காணி. இரணைமடு வாய்க்கால் கூப்பிடு தூரத்தில் ஓடினாலும் தண்ணீர் அந்தக் காணிகளுக்கு ஏறாது. வயல் பாய்ச்சும் உரிமை பழைய குடியேற்றத் திட்டக்காரருக்கு. இவர்கள் அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டார்கள். காணிக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கவும் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பிரதேச செயலகத்துக்கு நடந்திருக்கின்றன. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை அவர்கள் கேட்டது சிங்களத்தில் அல்ல, தமிழில்தான். காணிக்காக ஆறாத காயத்தோடு இருக்கும் ஒரு சமூகம், தன் நடுவில் வாழும் இன்னொரு காணியற்றவரைக் காணத் தவறியிருக்கிறது.

தண்ணீர் போகும் திசை

மீண்டும் திம்புள்ளைக்கு. இந்தப் பள்ளத்தாக்கின் செல்வம் தேயிலை மட்டுமல்ல. டெவன் நீர்வீழ்ச்சியும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் உள்ள இடம் இது. மகாவலியின் கிளையான கொத்மலை ஓயா இந்த மலைகளிலிருந்துதான் இறங்குகிறது. நாட்டுக்கு மின்சாரமும் வரண்ட வலயத்துக்கு நெல்லும் கொடுக்கும் தண்ணீர் இங்கேதான் சேர்கிறது.

துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1980களில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, பள்ளத்தாக்கின் பழம்பெரும் சிங்களக் கிராமங்கள் நீரில் மூழ்கின. வயலையும் விகாரையையும் இழந்த அந்த மக்களின் துயரம் பெரியது. அவர்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது காணி: மகாவலி வலயங்களில் வயல், அல்லது அயலிலுள்ள தேயிலை நிலம்.

அதற்கு மேலே தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. மலையகக் கட்சிகளின் கடும் எதிர்ப்பால் இழுபட்டு, ஜப்பானியக் கடனுதவியோடு 2006இல் வேலை தொடங்கி, 2012இல் 150 மெகாவோற் மின்நிலையமாக அது இயங்கத் தொடங்கியது. ஆற்று நீர் சுமார் 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வழியாகத் திருப்பப்படுகிறது. சென் கிளயர் அருவிக்குப் பகல் நேரத்தில் மட்டும் அளந்து தண்ணீர் விடப்படுகிறது. இடம்பெயர்ந்த 495 குடும்பங்களுக்கு வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. வீடு கிடைத்தது நல்லதே. ஆனால் கீழே இருந்தவர்களின் இழப்பு ஏக்கரில் அளக்கப்பட்டது, மேலே இருந்தவர்களின் இழப்பு சுவரிலும் கூரையிலும் அளக்கப்பட்டது. கொடுக்க எதுவும் இல்லாததால் அல்ல. இழக்க அவர்களிடம் காணி இருந்ததாகச் சட்டத்தில் எங்கும் எழுதப்படாததால்.

லயத்துக்குள் தண்ணீர் வரும் வழியும் இதையே சொல்லும். பல தோட்டங்களில் குடிநீர் என்பது மேல்மலை ஊற்றிலிருந்து குழாயிலோ பீலியிலோ இறங்கும் தண்ணீர். ஊற்று இருக்கும் மலை கம்பனியின் குத்தகையில். மேலே மருந்து அடித்தாலும், மரம் தறித்தாலும், வேறு பயிருக்கு நிலத்தைத் திருப்பினாலும் கீழே குடிப்பவரிடம் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மண்ணில் உரிமை இல்லாதவருக்குத் தண்ணீரிலும் உரிமை இல்லை. கிடைப்பது சலுகை மட்டுமே.

ஏழு பேர்ச்

1977இல் பிரிக்கப்படாமல் தப்பிய தோட்டங்கள் அரச கூட்டுத்தாபனங்களின் கீழ் இருந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அது 2045இல் முடியும். தொழிலாளி வாழும் லயமும் அந்தக் குத்தகைக்குள் அடங்கியது. நாடற்றவர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஏட்டளவில் தீர்ந்தது. இன்று அவர்கள் பிரஜைகள், வாக்காளர்கள். அப்படியிருந்தும் பெரும்பாலோருக்கு இன்னும் ஒரு துண்டுக் காணிக்கு உறுதி இல்லை.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தனிவீட்டுத் திட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்பது கொள்கையாக வந்தது. இந்திய அரசாங்கம் முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது. 2017 மே மாதம் நோர்வுட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். காணி கொஞ்சம் கூட வேண்டும் என்ற கோரிக்கை தொடர்கிறது. நிலம் விடுவிக்கப்படும் வேகமோ மிக மெதுவானது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். ஏழாயிரம் ஏக்கர் என்றால் 11 இலட்சத்து 20 ஆயிரம் பேர்ச். அதை ஏழு ஏழாகப் பிரித்தால் 1 இலட்சத்து 60 ஆயிரம் துண்டுகள். பாதைக்கும் வடிகாலுக்கும் விட்டது போக, மலையகத்தில் தனிவீடு தேவைப்படும் குடும்பங்களில் பெரும்பகுதிக்கு இது போதும். 1977இல் வெளியாருக்குக் கொடுப்பதற்கு ஒரே மாவட்டத்தில் கண்டெடுக்க முடிந்த அளவு நிலத்தை, அங்கேயே வாழும் மக்களுக்காக முழு மலையகத்திலும் கண்டெடுக்க அடுத்த அரைநூற்றாண்டில் ஓர் அரசாங்கத்தாலும் முடியவில்லை.

இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை இல்லாததன் விலையை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். மண்சரிவு அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அபாயம் தெரிந்தும் மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. போவதற்கு அவர்களுக்கென்று வேறு காணி இருக்கவில்லை என்பதுதான் பதில்.

எதைக் கேட்பது?

2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். வழிநெடுக ஒலித்த கோரிக்கைகளில் காணி முக்கியமானது. வடக்கிலிருந்தும் பலர் அந்த நடையில் சேர்ந்தார்கள்.

அந்தச் சேர்க்கை ஒரு நாள் நிகழ்வாக முடியக் கூடாது என்றால், வடக்கு கிழக்கின் காணிப் போராட்டமும் மலையகத்தின் காணிக் கோரிக்கையும் ஒரே கோவையில் வைக்கப்பட வேண்டும். நாம் 'எங்கள் காணியைத் திருப்பித் தா' என்று கேட்கிறோம். நம்மிடம் உறுதி இருக்கிறது, பூட்டன் பெயரில் தோம்பு இருக்கிறது, அழிந்த வீட்டின் அத்திவாரம் இருக்கிறது. மலையகத் தொழிலாளி காட்டுவதற்கு இருப்பது பரம்பரையாகச் செய்த வேலை மட்டுமே. அந்த வேலையையே உரிமைக்கான ஆவணமாக ஏற்கும் ஒரு காணிச் சட்டம் வேண்டும் என்பதுதான் அவர்களின் கோரிக்கையின் சாரம். அது நமது கோரிக்கையைவிடச் சிறியதல்ல. கிளிநொச்சியின் மேட்டுக்காணிக் கிராமங்களுக்கு அனுமதிப்பத்திரமும் தண்ணீரும் கிடைக்கச் செய்வது, கொழும்பின் தயவை எதிர்பாராமல் வடக்கின் பிரதிநிதிகளால் இன்றே தொடங்கக்கூடிய வேலை.

நிலமற்ற சிங்களக் கிராமத்தவரையும் இந்தக் கோரிக்கைக்கு வெளியே நிறுத்தத் தேவையில்லை. கம்பனிகளின் குத்தகைக்குள் பயிரிடப்படாமல் காடேறிக் கிடக்கும் நிலத்தைத் தோட்டத் தொழிலாளருக்கும் அயற்கிராமத்தவருக்கும் சேர்த்துப் பகிர முடியும். 1977இல் அந்த யோசனை எவரது மேசைக்கும் வரவில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுப்பதே சீர்திருத்தம் என்று எண்ணப்பட்டது. அதனால்தான் டெவனில் வேட்டுச் சத்தம் கேட்டது.

சிவனு லெட்சுமணன் காப்பாற்றிய தேயிலை மலைகள் திம்புள்ளையில் இன்றும் பச்சையாக இருக்கின்றன. அவற்றின் குத்தகை 2045இல் முடியும்போது, அடுத்த ஒப்பந்தம் யாருடைய பெயரில் எழுதப்படப்போகிறது என்ற கேள்வி இன்றே கேட்கப்பட வேண்டியது.